சும்மா நிற்கத் தெரியாதவர்

முன்பதிவர் என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பியிருக்க வழியில்லை. ஏனென்றால் நீங்கள் போய்ச் சேரும் எந்த இடத்திலும் அவர் உங்களுக்கு முன்பே வந்து, காற்று வரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்த பரம்பரையில் வந்தவர். இப்போது கைக்குட்டைக்குப் பதில் கைப்பேசி, அவ்வளவுதான். முடிவெட்டும் கடையில் பாதித் தலை முடிந்திருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு நேரம் கேட்பார். பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்தபடி, பேச முடியாத நிலையிலும், விரலால் சுவர்க் காலண்டரைக் காட்டுவார். யாராவது வெளியூர் போய்வந்தால் நாமெல்லாம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்போம் இல்லையா? முன்பதிவர் கேட்பது வேறு.

"டிக்கெட் எப்ப எடுத்தீங்க?"

நீங்கள் எந்த நாளைச் சொன்னாலும் சரி. உச்சுக் கொட்டுவார். "லேட்டு."

தூரத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இனத்தின் அழகு தெரியாது. ஒருவரைக் கிட்டத்தில் பார்ப்போம். இவர் பஸ் டிப்போவில் டூட்டி போடும் எழுத்தர். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்தக் கண்டக்டருக்கு எந்தத் தடம் என்று கட்டம் கிழித்து நிரப்புவது வேலை. கட்டத்துக்கு வெளியிலும் உலகம் இருக்கிறது என்பதை அவர் வதந்தியாகக் கேள்விப்பட்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அட்வான்ஸ்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். தெரிந்து, கண்ணாடி முன்னால் நிற்கும்போது அதைப் பட்டமாக எண்ணி மீசையைத் தடவிக்கொள்வதும் உண்டு.

அவருடைய மனைவி பெண்கள் தையல்கடையொன்றில் துணி வெட்டுகிறவள். அவள் வெட்டும் மேசைக்கு எதிர்ச்சுவரில், பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படம் குண்டூசியில் தொங்கும். எங்கோ ஒரு தேசத்து அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பழைய காலத்துப் பட்டு அங்கி. உடம்பெல்லாம் கோடு. அந்தக் கோடுகள் மார்பிலிருந்து ஏறித் தோளில் திரும்பி, தண்ணீர் வழுக்கிப் போவதுபோல் முதுகுப் பக்கம் போய்விடும். போனது என்ன ஆயிற்று? படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

"இவ்வளவு துணியில இப்படித் திருப்ப முடியாது. பின்னாடி எங்கயோ ஒட்டுப் போட்டிருக்கான்" என்பது அவள் கட்சி.

கடை முதலாளியம்மா சிரிப்பாள். அரண்மனைக்குத் தைத்தவன் ஒட்டுப் போடுவானா, ஒட்டெல்லாம் நம்மைப் போலத் துணி பற்றாதவர்கள் வேலை என்பாள். அந்த 'நம்மை'யில் ஒரு குத்தல் உண்டு. குறைந்த துணியைக் கொண்டுவந்து முழு உடுப்புக் கேட்கும் வாடிக்கைக்காரிகளுக்கு, வெட்டு மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்து ஒப்பேற்றுகிறவள் இவள்தான். ஒருத்தி வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒட்டுத்துணி தைக்கிற கடையா இது என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். அன்றிலிருந்து கடையில் இவள் பெயர் 'ஒட்டக்கா'. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். ஆனால் அந்த முதுகை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும் மனசுக்குள் ஊசியாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

அவளுடைய தம்பி, லிப்ட் மெக்கானிக், ஒருநாள் போகிற போக்கில் சொன்னான்: "போய்ப் பாத்துட்டு வந்துடலாம்க்கா. அத்தானுக்கு லீவுதான் மலையாட்டம் குவிஞ்சு கெடக்கே."

லீவை யார் எடுத்தார்களோ இல்லையோ, அட்வான்ஸ் அந்த நிமிஷமே வேலையை எடுத்துக்கொண்டார். அந்த அருங்காட்சியகத்தில் கூட்டம் அலைமோதுமாம், முன்பதிவு இல்லாதவன் வாசற்படியைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டுமாம் என்று படித்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை, அவருடைய கல்யாணப் போட்டோவில்கூட நீங்கள் பார்க்க முடியாது.

டிக்கெட் விற்பனை தொடங்கிய நாள் அலுவலக நாளாக வாய்த்தது. ஜன்னலுக்கு வெளியே டூட்டிக்காக டிரைவர்களும் கண்டக்டர்களும் குவிந்து நிற்க, உள்ளே அட்வான்ஸ், கைப்பேசியை ஸ்டாப்ளர்மேல் சாய்த்துவைத்து அதன்முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு குட்டி மனித உருவம் ஒரு கோட்டின்மேல் நடந்துகொண்டிருந்தது. அது அந்த முனைக்குப் போகும்வரை எதையும் தொடக்கூடாது. தொட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம்.

"சார், டூட்டி போடுங்க. வண்டி எடுக்கணும்" என்றார் மூத்த டிரைவர்.

"இருப்பா. லைன்ல நிக்கிறேன்."

டிரைவர் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். "உக்காந்துல்ல சார் இருக்கீங்க?"

குட்டி உருவம் ஒருவழியாக முனையைத் தொட்டது. தொட்டதும், நீங்கள் மனிதர்தானா என்று திரை கேட்டது. மனிதர் என்பதற்கு அத்தாட்சியாக, ஒரு தெருப்படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிவைத்து, பஸ் உள்ள கட்டங்களை எல்லாம் தொடு என்றது. கட்டம், அதற்குள் பஸ். இதைவிடத் தோதான பரீட்சை ஒரு மனிதனுக்கு அமையுமா? ஆனால் தொழில் தெரிந்தவனுக்குத்தானே சந்தேகமும் வரும். மூலையில் பாதி மறைந்து நிற்பது பஸ்ஸா, வேனா? ஒற்றை ஆளாக முடிவெடுக்கப் பயந்து போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். தலைகள் கூடின. கதவு எந்தப் பக்கம் என்று ஒருவர் விசாரித்தார். பின்சக்கரத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் இன்னொருவர். பஸ்ஸேதான், ஆனால் நிற்கிற நிலையைப் பார்த்தால் பிரேக்டவுன், அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு கண்டக்டர் நியாயமான கேள்வியைக் கிளப்பினார். கடைசியில் மூத்த டிரைவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"முன்கண்ணாடிய பாருங்க சார். வேனுக்கு ஏது இவ்வளவு பெரிய கண்ணாடி? பஸ்ஸுன்னே அமுக்குங்க."

அமுக்கினார். மனிதராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அன்று காலை ஊரில் பஸ்கள் தாமதமாகக் கிளம்பியதற்கு ஜனங்கள் மழையைக் குறை சொன்னார்கள்.

மூன்று பேருக்கும் டிக்கெட், முதல் நுழைவு, காலை நேரம். வெற்றிச் செய்தியைச் சொல்ல மனைவியைக் கூப்பிட்டார். அவள் கத்திரியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "அந்த அங்கி எந்த ரூம்ல இருக்குன்னு போட்டிருக்காங்களா?"

"உள்ள போனா எல்லாம் இருக்கும்மா. உள்ள போறதுதான் விஷயம்."

இந்த வாக்கியத்தை ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பதிவரின் வேதம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

சரி, டிக்கெட் கிடைத்துவிட்டது. ஆள் நிம்மதியாக இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நீங்கள் இன்னும் இந்த இனத்தைப் புரிந்துகொள்ளவில்லை. டிக்கெட் கிடைக்காதவனுக்கு ஒரே கவலை, கிடைக்கவில்லையே என்று. கிடைத்தவனுக்கோ ஆயிரம். அன்று காலையில் ரயில் தாமதமானால்? விடுதியில் தூங்கிப்போனால்? கால் பிசகினால்? சாயங்காலம் மச்சினனைப் பிடித்து உட்காரவைத்தார்.

"மாப்ள, உன் போன்லேருந்து நீயும் ஒண்ணு போட்டு வை. அதே நாள், மத்தியான நேரம். ஒண்ணு போனா ஒண்ணு."

மூவரின் பாஸ்போர்ட் எண்களையும் தன் மெயில் முகவரியையும் அவரே பக்கத்தில் நின்று வாசிக்க, மச்சினன் தட்டினான். அதுவும் கிடைத்தது. உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "போட்ட தையல் மேலயே திரும்ப ஓட்டாதீங்க. துணி நைஞ்சிடும்."

பெண்களுக்கு முன்யோசனை கிடையாது என்று அவர் அதை மன்னித்துவிட்டார்.

இரண்டு டிக்கெட்டையும் அச்சடித்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டார். சூடாக வெளிவந்த பிளாஸ்டிக்கை விரலால் சுண்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்தது. அதன்பிறகு அந்த விஷயமாக மெயில் பெட்டியைத் திறக்கவேயில்லை. பிளாஸ்டிக் போட்ட பிறகு மாறக்கூடிய காரியம் உலகத்தில் உண்டா என்ன?

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போன இடத்திலெல்லாம் அவர் அடுத்துப் போகும் இடத்தில்தான் இருந்தார். கோபுரத்தின் உச்சியில் மற்ற இருவரும் ஊரைப் பார்த்தபோது, அவர் நாளைய படகுக்கு நேரம் பார்த்தார். படகில் உட்கார்ந்து மறுநாள் ரயிலுக்கு. அத்தான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இங்கே வந்து சேருவார் என்றான் மச்சினன். அக்கா சிரித்தாள். அவளுக்கு எதுவும் பொருட்டில்லை. அருங்காட்சியகத்து நாள் ஒன்றுதான் கணக்கு; மறுநாள் விடிந்தால் விமானம்.

அந்தக் காலையும் வந்தது. அகலமான கல் முற்றம், தூறல், குடைகள். கதவு திறக்கும் முன்பே அட்வான்ஸ் தன் படையோடு முதலாளாக நின்றார். பின்னால் வந்தவர்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தார், கருணையோடு. கதவு திறந்தது. லேமினேஷன் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். சீருடை போட்ட பெண் கருவியை அதன்மேல் காட்டினாள். சிவப்பு. துடைத்துக் காட்டினாள். சிவப்பு. அட்வான்ஸ் பெருந்தன்மையோடு புன்னகைத்து, மத்தியான அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதுவும் சிவப்பு.

பக்கவாட்டு ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த இளைஞன் கணினியைப் பார்த்தான், மூவரையும் பார்த்தான், தன் போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து ஏதோ பேசி அதை இவர்கள் பக்கம் நீட்டினான். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சுத்தத் தமிழில் தீர்ப்பு வாசித்தது:

"தாங்கள் ஒரே நாளில் இரண்டு முறை வந்துள்ளீர்கள். ஆதலால் தாங்கள் வரவில்லை."

மச்சினன் முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டான். போனை மாற்றி மாற்றிப் பேசியதில் விவரம் தெரிந்தது. ஒரே ஆட்கள் ஒரே நாளுக்கு இரண்டு பதிவு செய்தால், டிக்கெட்டை வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கிற கும்பல் என்று கணினி முடிவுகட்டி, இரண்டையும் அழித்துவிடும். தகவல் அப்போதே மெயிலில் அனுப்பியாயிற்று. பதிவு இன்று முழுக்கத் தீர்ந்துவிட்டது.

அட்வான்ஸ் போனுக்குள் குனிந்து வாதாடினார். இரண்டு தடவை பதிவு செய்தவன் இரண்டு மடங்கு ஆசையாக வந்தவன் என்றார். தன் வாழ்நாளில் எதற்கும் பிந்தியவனில்லை என்றார். டிப்போவில் வந்து விசாரித்துப் பார்க்கச் சொன்னார். இளைஞன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன் வழியாகவே "தங்கள் வருகைக்கு நன்றி" என்றான்.

அவர் திரும்பினார். மனைவி உதடுகளை உள்ளே மடித்து இறுக்கி வைத்திருந்தாள். வாய் நிறையக் குண்டூசி கவ்விக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு அந்தப் பழக்கம், ஊசி இல்லாதபோதும் போவதில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்குப் பதில் இருந்தது. ரயில் தாமதத்துக்கு, தூக்கத்துக்கு, கால் பிசகுக்கு, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தவரிடம் இந்த மௌனத்துக்கு ஏற்பாடு இல்லை.

மச்சினன் மெக்கானிக் கண்ணோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். எவ்வளவு இறுகிய கதவும் தட்டத் தட்ட ஒருசமயம் திறக்கும் என்பது அவனுடைய தொழில் நம்பிக்கை.

"அந்தப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கு அத்தான். டிக்கெட் இல்லாதவங்க நிக்கிறாங்க. உள்ளேருந்து ஆள் வெளிய வர வர, ஒண்ணு ரெண்டு பேரா விடுறாங்களாம். வாங்க, சும்மா நிப்போம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"நம்பர் கொடுப்பாங்களா?"

"ஒண்ணும் கிடையாது. நிக்கிறதுதான்."

எந்தக் கட்டத்திலும் அடங்காத, எந்த நேரமும் குறிக்காத, யார் எப்போது உள்ளே போவார் என்று கடவுளுக்கே தெரியாத ஒரு வரிசை. அதில் போய் நிற்பதா? அக்காவும் தம்பியும் போய் நின்றார்கள். அட்வான்ஸ் கொஞ்சம் தள்ளி ஒரு விளக்குக் கம்பத்தடியில், யாரோ தெரிந்தவருக்காகக் காத்திருப்பவர் மாதிரி நின்றுகொண்டு, போனில் தேடினார். இன்று இல்லை. நாளை இல்லை. அடுத்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கொஞ்ச நேரம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை நகர்ந்தது. குடைகள் நகர்ந்தன. அக்காவின் பச்சைக் குடை கதவுக்குக் கிட்டே போய்க்கொண்டே இருந்தது. கதவுக்காரி வெளியே வந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரே ஒரு ஆள். முன்னால் நின்ற ஜோடிகளும் குடும்பங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பிரியத் தயாரில்லை. மச்சினன் அக்காவின் குடையைப் பிடுங்கிக்கொண்டு முதுகில் கைவைத்துத் தள்ளினான். அவள் உள்ளே போகும்முன் திரும்பி விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கியபோது கதவு மூடியிருந்தது.

இருவரும் நனைந்த படிக்கட்டில், அட்டைகளை ஆளுக்கொன்றாகப் போட்டு உட்கார்ந்தார்கள். லேமினேஷனில் ஈரம் ஏறவில்லை.

"மாப்ள" என்றார் அட்வான்ஸ். "அந்த அங்கி எப்படி இருக்கும்?"

மச்சினன் அவரைப் பார்த்தான். "கடைச் சுவத்துல இருக்கே அத்தான். தினமும் சாயங்காலம் அக்காவக் கூட்டிட்டு வர அங்க போறீங்களே."

"உள்ள போனதில்ல. வெளியில வண்டியில இருந்தே ஹாரன் அடிப்பேன்."

மச்சினன் கேலிக்கு வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் குடையை உதற ஆரம்பித்தான்.

அவள் வெளியே வந்தபோது தூறல் நின்றிருந்தது. வாயில் ஊசி இல்லை. உதடு தானாக விரிந்து கிடந்தது. அட்வான்ஸ் எழுந்தார். பழக்க தோஷம், "உள்ள கூட்டம் எப்படி?" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"பாத்தியா?"

"சுவத்தோட ஒட்டி வச்சிருக்காங்க. முதுகு சுவரப் பாத்து நிக்குது."

"அய்யோ."

"இருங்க, சொல்றேன்."

சொன்னாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையகல இடைவெளி இருந்ததாம். அதில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தபோது, காவலுக்கு இருந்த பெண் ஓடிவந்தாளாம். இவளுக்கு என்ன பாஷை தெரியும்? திரும்பி நின்று தன் ஜாக்கெட்டின் முதுகுத் தையலைத் தொட்டுக் காட்டி, பிறகு அங்கியைக் காட்டினாளாம். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, இடுப்பிலிருந்த டார்ச்சை எடுத்து அந்த இடுக்கில் அடித்தாளாம்.

"ஒட்டுதாங்க" என்றாள். "ஒண்ணில்ல, முதுகு பூரா ஒட்டு. துணி பத்தல அவனுக்கு. கோடு மாறாம எப்படிச் சேத்திருக்கான் தெரியுமா? அட்டைய எடுங்க."

படிக்கட்டில் கிடந்த அட்டைகளில் ஒன்றை அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் கைப்பையைத் துழாவி, துணியில் கோடு போடும் மெழுகுக் கட்டியை எடுத்து, அழிந்துபோன டிக்கெட்டின் பின்பக்கத்தில், வழவழப்பான பிளாஸ்டிக்கின்மேல் வரைய ஆரம்பித்தாள். ஒரு தோள். ஒரு சரிவு. கோடுகள் போய்ச் சேர்ந்த இடம். இங்கே ஒரு துண்டு, இங்கே இன்னொன்று, இது வேறு துணியாகக்கூட இருக்கும், பார்க்கிறவனுக்குத் தெரியாது, தைத்தவனுக்கும் எனக்கும்தான் தெரியும் என்றாள். முதலாளியம்மாவிடம் இதை அப்படியே காட்ட வேண்டும், மெழுகு அழிந்துவிடாமல் மேலே இன்னொரு லேமினேஷன் போட முடியுமா என்று கேட்டாள்.

"போடலாம்" என்றார் அட்வான்ஸ். அந்த வார்த்தையை அவர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை. போன் சட்டைப்பையில் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுக்கவில்லை. மனைவியின் விரல் போன வழியெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மெழுகுக் கோட்டில் ஒரு முன்பதிவர் திருந்திவிட்டார், கதை முடிந்தது என்று நீங்கள் எழுந்திருக்கப் பார்ப்பீர்கள். உட்காருங்கள்.

முற்றத்தைக் கடக்கும்போது அவர் அந்தச் சின்னக் கதவையும், அதன் முன்னால் சும்மா நிற்கும் வரிசையையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மச்சினனின் தோளைத் தொட்டார்.

"நல்ல வரிசை மாப்ள. அடுத்த தடவை இதுலயே நிப்போம்." கொஞ்சம் தயங்கினார். "இதுல ஒரு இடம் முன்னாடியே சொல்லி வைக்க முடியுமான்னு கேட்டுட்டு வரியா?"

இப்போது சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கென்ன. ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கத் தொடங்கும் முன்னால், எத்தனை பக்கம் வருகிறது, எப்போது முடியும் என்று ஒருதரம் கடைசிவரை புரட்டிப் பார்த்துக்கொண்டீர்களா, இல்லையா? கடைசியில் என்ன ஆகிறது என்று ஒரு வரி மட்டும், சும்மா, ஓரக்கண்ணால்? பார்த்தவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், போதும். பக்கத்தில் அட்வான்ஸ் வந்து உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்.